மலையகக் காட்டில் பிளம் ஜூடி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளம் ஜூடி, இறக்கை விரித்தால் நாலைந்து சென்ரிமீற்றர்தான் இருக்கும் ஒரு காட்டு வண்ணத்துப்பூச்சி. அறிவியல் பெயர் அபிசாரா எகேரியஸ். இலங்கையில் ஏறத்தாழ 250 வகை வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன. அவற்றில் ரியோடினிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது இது ஒன்றுதான். பூவுக்குப் பூ தாவித் திரிகிற பழக்கம் இதற்கு இல்லை. நல்ல வெயிலில் வெளியே வருவதும் அபூர்வம். மரநிழலில் ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றியே வாழும். புதியவர்களுக்கு நான் இதைச் சொல்வதற்குக் காரணமே அதுதான். ஒரு தடவை இடம் தெரிந்துவிட்டால் மறுபடி மறுபடி அங்கேயே போய்ப் பார்க்கலாம். முட்டையிலிருந்து இறக்கை விரிக்கும்வரை முழு வாழ்க்கையையும் கவனிக்கலாம்.

அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் சிரமம். எந்தக் காடு யார் பொறுப்பில் இருக்கிறது, எதற்கு டிக்கெட் போதும், எதற்கு அனுமதிக் கடிதம் வேண்டும் என்று தமிழில் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒரு அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள், அங்கே போனால் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்த அலைச்சலிலேயே சலித்து விட்டுவிடுகிறார்கள். நம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற காட்டை நாமே அறியாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம். அதனால் முறையை அப்படியே எழுதிவைக்கிறேன்.

1. உங்கள் தேவை எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பார்த்து, படம் எடுத்து, குறிப்பு எழுதப் போகிறீர்களா? அப்படியானால் ஆராய்ச்சி அனுமதி தேவையில்லை. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் காட்டில் நுழைவு டிக்கெட் போதும்.

பாடசாலைச் செயற்றிட்டமா? டிக்கெட்டோடு அதிபரின் கடிதம் வேண்டும். மாணவர்களைக் கூட்டமாக அழைத்துப் போவதாக இருந்தால் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியையும் அதிபர் மூலம் முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

பூச்சியைப் பிடிப்பது, அடையாளம் இடுவது, முட்டையையோ புழுவையோ எடுப்பது, இலை பறிப்பது, காட்டுக்குள் கருவி பொருத்துவது, இதில் எது ஒன்று இருந்தாலும் அது ஆராய்ச்சி. எழுத்தில் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

இங்கே பலர் மாறிச் செய்கிறார்கள். படம் மட்டும் எடுக்கப் போகிறவர் ஆராய்ச்சி விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார். பல்கலைக்கழக ஆய்வுக்குப் புழு எடுக்கிறவர் டிக்கெட்டோடு உள்ளே போய்விடுவார், பிறகு அந்தத் தரவை எங்கேயும் சமர்ப்பிக்க முடியாமல் நிற்பார். ட்ரோன் பறக்கவிடுவதும் வியாபாரத்துக்கு வீடியோ எடுப்பதும் வேறு கணக்கு. அவற்றுக்குத் தனி அனுமதி உண்டு.

வலை வாங்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வண்ணத்துப்பூச்சிகளையும் தொடுகிறது. 2009இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. 2024 மே மாதம் யால தேசிய பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு இரண்டு வெளிநாட்டவர் பிடிபட்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் நீதிமன்றம் விதித்த அபராதம் ஆறு கோடி ரூபா. எந்த வகை சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது, எது இல்லை என்று வாயிலில் நின்று வாதாடி ஒன்றும் ஆகாது. வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு திரும்புங்கள்.

2. பூச்சியை வீட்டிலேயே படித்துக்கொள்ளுங்கள்

ஆணின் மேல்புறம் கரும்பழுப்பு. வெளிச்சம் சரிந்து விழும்போது அதில் ஊதாச் சாயல் தெரியும். பெண் இன்னும் வெளிறிய பழுப்பு, இறக்கைகளில் மங்கலான பட்டைகள் ஓடும். இரண்டுக்கும் பின்னிறக்கையின் ஓரத்தில் வெள்ளைத் தீற்றல் சேர்ந்த கறுப்புப் பொட்டுகள் இருக்கும். பின்னிறக்கை விளிம்பு வட்டமாக இருக்காது, நடுவில் ஒரு மூலை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூலையை மறக்காதீர்கள். நிறத்தை நம்பி ஏமாறலாம், மூலை ஏமாற்றாது.

ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்லக் கால்களைப் பாருங்கள். இந்தக் குடும்பத்தில் ஆணின் முன்னங்கால்கள் சிறுத்துப்போயிருக்கும், நடக்க உதவாது. அதனால் ஆண் நாலு காலில் நிற்கும். பெண்ணுக்கு ஆறு காலும் வேலை செய்யும். பக்கவாட்டில் எடுத்த ஒரு தெளிவான படம் இருந்தால் இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம்.

குழப்புவது புஷ்பிரவுன் என்னும் பழுப்பு வண்ணத்துப்பூச்சிகள். அவையும் நிழலில்தான் இருக்கும், அவற்றுக்கும் கண்பொட்டு உண்டு. ஆனால் அவை தரையை ஒட்டிப் பறந்து, உட்கார்ந்ததும் இறக்கையை மூடிவிடும். பிளம் ஜூடி இலைமேல் உட்கார்ந்து இறக்கையைப் பாதி திறந்து வைத்திருக்கும். பத்து அடி தூரத்திலிருந்தே இந்த வேறுபாடு தெரியும்.

3. காட்டைத் தெரிவு செய்யுங்கள், கூடவே அதன் திணைக்களத்தையும்

நம் மலைக்காடுகள் இரண்டு திணைக்களங்களுக்குக் கீழே பிரிந்து கிடக்கின்றன. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் ஒன்று, வனப் பாதுகாப்புத் திணைக்களம் இன்னொன்று. மக்கள் இரண்டையும் சேர்த்து ‘வன இலாகா’ என்று சொல்லிவிடுவார்கள், அங்கேதான் அலைச்சல் தொடங்குகிறது. ஹோட்டன் சமவெளியும் நுவரெலியா கல்வேஸ்லாந்தும் தேசிய பூங்காக்கள், வனஜீவராசிகள் பக்கம். நக்கிள்ஸ் பாதுகாப்புக் காடு வனப் பாதுகாப்புப் பக்கம். கண்டி உடவத்தைக் காடு சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது, ஒதுக்குக் காடாகவும் இருக்கிறது. அங்கே வாயிலில் டிக்கெட் கொடுப்பது வனப் பாதுகாப்புத் திணைக்களம். ஆராய்ச்சி என்றால் இரண்டு பக்கமும் எழுதிக் கேட்பதே பாதுகாப்பு.

பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். ஹக்கல என்றால் தாவரவியல் பூங்காவும் உண்டு, அதன் பின்னால் ஹக்கல கடும் இயற்கை ஒதுக்கிடமும் உண்டு. பூங்காவுக்கு டிக்கெட் எடுத்தவர் ஒதுக்கிடத்துக்குள் நடக்கக் கூடாது. அங்கே அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் மட்டும்தான் போகலாம்.

பிளம் ஜூடிக்கு நடு உயரம்தான் சரி. கண்டி, மாத்தளை, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்து ஈரக் காடுகளில் தேடுங்கள். முதல் தடவைக்கு நான் சொல்வது உடவத்தைக் காடு. தலதா மாளிகைக்குப் பின்னால் ஏறுகிற மேடு அது, நூறு ஹெக்டயருக்குச் சற்று மேல். டவுனிலிருந்து நடந்தே போய்விடலாம், பாதைகள் தெளிவாக இருக்கும். மாத்தளையிலிருந்து கண்டி 26 கிலோமீற்றர், பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். நுவரெலியாவிலிருந்து வருகிறவர்கள் மூன்று மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். எசல பெரஹரா நடக்கிற நாட்களில் கண்டிக்குள் பஸ் நகராது, அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

நுவரெலியா, பட்டிப்பொல பக்கம் இருக்கிறவர்கள் இதற்காகக் கீழே இறங்கத்தான் வேண்டுமா என்று கேட்பார்கள். உங்கள் உயரத்துக்கு வேறொன்று இருக்கிறது. சிலோன் ட்ரீபிரவுன் என்ற பழுப்பு வண்ணத்துப்பூச்சி உலகத்தில் இலங்கையில் மட்டும்தான் உண்டு. மலையுச்சிக் காட்டில், குட்டை மூங்கில் அடர்ந்த இடங்களில் இருக்கும். இங்கே சொல்லும் முறை அதற்கும் பொருந்தும்.

உண்மையில் சிறந்த இடம் பெயர் பெற்ற காடு அல்ல, உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஓடைக்கரைக் காடு. ஒரு பூச்சியின் வாழ்க்கையைப் பார்க்க இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை போக வேண்டும். பஸ் ஏறிப் போகிற காட்டில் அது நடக்காது. ஆனால் தோட்டத்துக் காடு யாருமில்லாத இடம் அல்ல. பெருந்தோட்டக் கம்பெனியின் குத்தகை நிலமாக இருக்கலாம், அரச ஒதுக்கமாகவும் இருக்கலாம். தோட்டத்து ஆபிஸில் தொரையை, அதாவது தோட்ட முகாமையாளரைக் கண்டு ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: இன்னார், இன்ன காட்டு ஓரத்தில், இன்ன மாதங்களில் பூச்சி பார்க்கவும் படம் எடுக்கவும் வருவார், எதையும் எடுக்கமாட்டார். இந்தக் கடிதத்தின் போட்டோ பிரதி எப்போதும் பையில் இருக்கட்டும். இரத்தினக்கல் தோண்டவோ மரம் வெட்டவோ வந்தவர் என்று காவலாளி சந்தேகப்பட்டால் வாய்ச்சொல் உதவாது, கடிதம்தான் உதவும்.

4. ஆவணங்கள்

பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு வேண்டியது தேசிய அடையாள அட்டை. உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு வேறு, இடைவெளி மிகப் பெரியது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால் அவர் தமிழ் பேசுகிறார் என்பதற்காக உள்நாட்டு டிக்கெட் கிடைக்காது. கணக்கை வீட்டிலேயே பேசி முடித்துக்கொண்டு போங்கள்.

ஆராய்ச்சி அனுமதிக்கு இரண்டு திணைக்களங்களுக்கும் தலைமையகம் பத்தரமுல்லையில். விண்ணப்பப் படிவத்தோடு பொதுவாக இவை தயாராக இருக்க வேண்டும்: ஆய்வுத் திட்டம், மேற்பார்வையாளரின் அல்லது நிறுவனத்தின் கடிதம், கூட வருகிற எல்லாருடைய அடையாள அட்டைப் பிரதி, இடத்தின் வரைபடம், தொடங்கும் திகதியும் முடியும் திகதியும். ஆய்வுத் திட்டத்தை நாலு பக்கத்துக்குள் முடியுங்கள். அதில் ‘முறை’ என்ற பகுதியைத்தான் கவனமாகப் படிப்பார்கள். தொடாமல் பார்ப்பது, கையால் தூக்கிப் பார்த்து அதே இடத்தில் விடுவது, எடுத்துப் போவது, இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். எத்தனை பூச்சி, எத்தனை இலை என்று எண் போடுங்கள். ‘தேவையான அளவு’ என்று எழுதினால் விண்ணப்பம் கேள்வியோடு திரும்பி வரும்.

தோட்டத்து ஆட்களுக்கு இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாடசாலைப் பதிவில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது என்று நம்மில் பலருக்குப் பெயர் மூன்று விதமாக இருக்கும். விண்ணப்பத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். பல்கலைக்கழகக் கடிதத்தில் பெயர் வேறு மாதிரி இருந்தால் அந்தக் கடிதத்தை முதலில் திருத்தி வாங்குங்கள். இரண்டாவது முகவரி. தோட்டத்துப் பெயரும் டிவிசனும் மட்டும் போட்டால் பதில் கடிதம் ஆபிஸ் மேசையிலேயே கிடந்துவிடும். நம் பக்கத்தில் தபால் வீட்டுக்கு வீடு வராது என்பது எல்லாருக்கும் தெரிந்த குறை. டவுனில் கடை வைத்திருக்கும் நம்பிக்கையான ஒருவரின் முகவரியை ‘தொடர்பு முகவரி’ என்று தாருங்கள். அடையாள அட்டை முகவரியோடு அது பொருந்தாவிட்டால் கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து இணையுங்கள்.

மொழியைப் பற்றி ஒன்று. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை, அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தயங்காமல் தமிழில் எழுதுங்கள். கூடவே சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதியும் வைத்தால் மொழிபெயர்ப்புக்காகக் கோப்பு நிற்காது. நான் இரண்டையும் சேர்த்தே அனுப்புவேன்.

பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். விண்ணப்பங்களைக் குழு கூடித்தான் பார்க்கும், ஆகவே ஒரு வாரத்தில் எதிர்பார்க்காதீர்கள். மார்ச்சில் வேலை தொடங்க வேண்டுமானால் முந்தின ஒக்டோபரிலேயே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அனுமதி வந்தபிறகும் நேரே காட்டுக்குப் போகாதீர்கள். உரிய மாவட்ட வன அலுவலகத்திலோ பூங்காப் பொறுப்பாளரிடமோ பிரதியைக் கொடுத்து, என்றைக்கு வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். பத்தரமுல்லையில் கையெழுத்தான கடிதம் வாயிலில் நிற்கிறவருக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

5. மாதமும் நேரமும்

தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை, வடகீழ் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. இரண்டுக்கும் இடையிலான மாதங்களில் பின்னேரத்தில் இடியோடு மழை கொட்டும். மழை பெய்து இலை துளிர்த்த பிறகு வருகிற வெளிச்சமான நாட்கள்தான் நமக்கு வேண்டும். மார்ச்சும் ஏப்ரலும் நல்ல மாதங்கள். ஓகஸ்ட் கடைசியும் செப்டெம்பரும் அடுத்தது. ஒக்டோபர், நவம்பரில் கண்டிப் பக்கம் மழை அதிகம், அட்டையும் அதிகம். ஆனால் விட்டுவிட்டுப் பெய்யும் மழைக்கு நடுவே வெளித்த காலை கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

நேரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை. அதற்கு முன்னால் காடு குளிர்ந்து கிடக்கும், பூச்சி அசையாது. மதியத்துக்குமேல் மழை மூடிவிடலாம். இலேசாக மேகம் போட்ட நாளென்றால் வீட்டில் இருந்துவிடாதீர்கள். வெயில் விரும்பிகள் அடங்கிவிட்ட அந்த நேரத்திலும் இது நடமாடும்.

6. செலவும் தயாரிப்பும்

பெரிய செலவு இல்லை. பஸ், டிக்கெட், சாப்பாட்டுப் பார்சல், அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் கையில் கொஞ்சம் கூடுதலாகக் காசு வைத்திருங்கள். பல வாயில்களில் மிச்சக் காசு கொடுக்கச் சிரமப்படுவார்கள், சில்லறையாகக் கொண்டுபோங்கள். கமரா இல்லாவிட்டால் போனில் மாட்டுகிற மெக்ரோ கண்ணாடி (மிகக் கிட்டத்தில் படம் எடுக்க உதவுவது) போதும், சில ஆயிரம் ரூபாவுக்குள் கிடைக்கும். மெக்ரோ பிறகுதான் தேவைப்படும், முதல் வாரங்களுக்கு வெறும் போனே தாராளம்.

அட்டைக்கு, முழங்கால்வரை ஏறுகிற நெருக்கமான துணியுறை தைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துத் தையல்காரர் யாராவது சில நூறு ரூபாவுக்குத் தைத்துத் தருவார். அதன்மேல் சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்த்துவிட்டால் அட்டை எளிதில் ஏறாது. கொசு மருந்து அடித்த கையால் இலையைத் தொடாதீர்கள், புழுவுக்கு அது விஷம். வாசனைப் பவுடர், சென்ட் வேண்டாம்.

குளவியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் குளவி கொட்டி உயிரிழப்பது நம் வீடுகளுக்குத் தெரிந்த துயரம். காட்டு ஓரத்தில் நிற்பதற்கு முன்னால் தலைக்கு மேலே கிளைகளையும் பாறைச் சரிவையும் ஒரு சுற்றுப் பாருங்கள். கூடு தெரிந்தால் அந்த இடம் அன்றைக்கு வேண்டாம். யாருக்காவது கொட்டி மூச்சு இறுகினால் 1990க்கு அழையுங்கள், அம்பியூலன்ஸ் இலவசம். விடியலிலும் பொழுது சாயும்போதும் தனியாகக் காட்டு ஓரத்தில் நிற்காதீர்கள், தேயிலைக்குள் சிறுத்தை நடமாடுகிற பகுதிகள் நிறைய. பன்றிக்குக் கட்டிய கம்பிச் சுருக்கு கண்ணில் பட்டால் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு 1992க்கு அழையுங்கள். அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம்.

7. காட்டுக்குள்: நடக்காதீர்கள், நில்லுங்கள்

பெரும்பாலானவர்கள் பாதை முழுக்க நடந்து முடித்துவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்புகிறார்கள். பிளம் ஜூடியை நடந்து தேட முடியாது. நிழலும் வெளிச்சமும் கலக்கிற ஒரு ஓரத்தைத் தெரிவு செய்யுங்கள். பாதையின் வளைவு, ஓடைக்கு மேலே கிளை விலகிய இடம், விழுந்த மரத்தால் திறந்த இடைவெளி, எதுவானாலும் சரி. முதுகுக்குப் பின்னால் வெயில் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள், உங்கள் நிழல் புதர்மேல் விழக் கூடாது. இருபது நிமிடம் அசையாமல் நில்லுங்கள்.

முதலில் கண்ணில் படுவது அதன் ஆட்டம்தான், நிறம் அல்ல. இலைமேல் இறங்கும். இறங்கியதும் நின்ற இடத்திலேயே திரும்பும். பாதி திறந்த இறக்கையோடு இரண்டு எட்டு பக்கவாட்டில் வைக்கும், மறுபடி திரும்பும், அடுத்த இலைக்குக் குதிக்கும். பக்கத்து வீட்டுக்கு வந்து உட்காராமல் வாசலில் நின்றே பேசுகிறவரைப் போல, ஓரிடத்தில் நிலைக்காது, விட்டும் போகாது. இந்தத் திரும்பலால் பின்னிறக்கைப் பொட்டுகள் மாறி மாறித் தெரியும். பறவை எது தலை என்று தடுமாறி இறக்கை ஓரத்தைக் கொத்தினால் பூச்சி தப்பிவிடும் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். இறக்கை ஓரம் கிழிந்தும் நன்றாகப் பறக்கிற பூச்சிகளைப் பார்க்கும்போது எனக்கு அது நம்பக்கூடியதாகவே படுகிறது.

துரத்தாதீர்கள். கலைந்தால் சற்றுத் தூரம் போய் உட்காரும், அல்லது ஒரு இலையின் அடிப்பக்கம் ஒளிந்துகொள்ளும். அது கிளம்பிய இலையைக் கண்ணால் குறித்துக்கொண்டு அப்படியே நின்றால் கொஞ்ச நேரத்தில் அதே புதருக்கு வரும். ஆண் ஒரு இடத்தைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டு உள்ளே வருகிற மற்ற ஆண்களை விரட்டும். இரண்டு பூச்சி சுழன்றுகொண்டே மேலே எழும்பி, ஒன்று மட்டும் திரும்பி வந்தால் அந்த இடத்தைக் குறித்துவையுங்கள். மறுநாளும் போகத் தகுந்த இடம் அது.

உடவத்தையில் குரங்குகள் உண்டு. பையைத் திறந்து வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள்.

8. செடியைக் கண்டுபிடித்தால் புழு கிடைக்கும்

இந்தப் பூச்சியின் புழு கண்ட இலையையும் தின்னாது. எம்பேலியா, ஆர்டிசியா என்ற இனங்களைச் சேர்ந்த செடிகளில்தான் வளரும். எம்பேலியாவில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்ததே: வாய்விளங்கம். நாட்டுமருந்துக் கடையில் மிளகு மாதிரி உருண்டையாக விற்பார்களே, அதுதான். சிங்களத்தில் வளங்கசால் என்பார்கள். காட்டில் அது மரங்களைப் பற்றி ஏறுகிற தண்டுள்ள கொடி. இலை விளிம்பில் பல் இருக்காது, மேல்புறம் மினுமினுக்கும், பூ சிறிய வெளிர்பச்சைக் கொத்து. ஆர்டிசியா நிழலில் வளரும் குறுஞ்செடி. பழம் முதலில் சிவந்து பிறகு கறுக்கும். செடியை அடையாளம் காண ஊர் வைத்தியரைக் கூட்டிப் போனால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் இன்னும் இந்தக் கொடிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டுகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டை இலையின் அடிப்பக்கம் இருக்கும். புழு வெளிர்பச்சை, தட்டையான உடம்பு, ஓரம் முழுக்க மெல்லிய மயிர். இலை நரம்பை ஒட்டி அமுங்கிக் கிடந்தால் இலையின் பாகம் என்றே நினைப்பீர்கள். கூட்டுப்புழுவும் பச்சைதான். வால்நுனியையும் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டுநூலையும் வைத்து இலையோடு இலையாக ஒட்டிக்கொள்ளும்.

இலையைத் திருப்பாதீர்கள். திருப்பினால் காம்பு முறியும், புழு விழும், விழுந்தால் பெரும்பாலும் எறும்புக்குத்தான். சவரம் செய்கிற சின்னக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோய் இலைக்குக் கீழே பிடியுங்கள். அடிப்பக்கம் முழுக்க அதில் தெரியும், படமும் எடுக்கலாம். நூறு ரூபாச் சாமான், ஆனால் இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

செடிக்கு நூலோ ரிப்பனோ கட்டாதீர்கள். பார்க்கிறவர் எல்லாரும் வந்து இலையைப் பிடித்துப் பார்ப்பார்கள். பாதையிலிருந்து எத்தனை எட்டு, எந்தப் பாறைக்கு அருகில் என்று கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். முட்டையிலிருந்து பூச்சி வெளிவரும்வரை ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். குளிரான இடத்தில் இன்னும் இழுக்கும். இடையில் புழு காணாமல் போவது சாதாரணம். பறவை, சிலந்தி, புழுவுக்குள்ளேயே முட்டையிடுகிற சின்னக் குளவி என்று எதிரிகள் அதிகம். ஒரே ஒரு புழுவை நம்பாமல் வெவ்வேறு செடிகளில் சிலவற்றைக் கவனித்து வாருங்கள்.

புழுவை வீட்டுக்குக் கொண்டுவந்து போத்தலில் வளர்க்க ஆசை வரும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. ஒதுக்குக் காட்டிலிருந்து எடுப்பது குற்றம், தோட்டத்துக் காட்டிலிருந்து எடுத்தாலும் சரியான இலை தினமும் கிடைக்காமல் அது செத்துப்போகும். மருந்துக்கடை வாய்விளங்கத்தை விதைத்தும் காத்திருக்காதீர்கள், காய்ந்த பழம் முளைப்பது அரிது. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே காட்ட வேண்டுமானால் ரணகள்ளியை நடுங்கள், இலை ஓரத்திலேயே குட்டி முளைக்குமே, அந்தச் செடி. ரெட் பியரோ என்ற சின்ன வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். அதன் புழு தடித்த இலைக்குள்ளேயே புகுந்து, மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் தின்றுகொண்டு போகும். வெளிச்சத்துக்கு எதிரே இலையைப் பிடித்தால் உள்ளே அது நகர்வது தெரியும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பக்கத்து மரக்கறித் தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாட்களில் மட்டும் செடியை மூடிவையுங்கள்.

9. குறிப்பும் பதிவும்

ஒவ்வொரு தடவையும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: திகதி, நேரம், இடம், வானிலை, பூச்சி என்ன செய்தது. பூச்சி வராத நாளையும் எழுதுங்கள். எந்த மாதத்தில் அது இல்லை என்பது அந்த வெறும் நாட்களிலிருந்துதான் தெரியவரும். படத்தில் மேல்புறம் ஒன்று, பக்கவாட்டு ஒன்று, உட்கார்ந்திருந்த செடி ஒன்று என்று மூன்று எடுங்கள். செடியின் படத்தைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

ஐநேச்சரலிஸ்ட் செயலியில் இலவசமாகப் பதியலாம், மற்றவர்கள் பெயரைச் சரிபார்த்துத் தருவார்கள். மலையகத்தில் இருந்து தமிழர்கள் இடும் பதிவுகள் இன்னும் பெருக வேண்டும் என்பது என் ஆசை. பதியும்போது சரியான இடத்தை மறைக்கிற வசதியைப் போட்டுவிடுங்கள், பூச்சி பிடிக்கிறவர்களுக்கு நாமே வழி காட்ட வேண்டாம். வட்ஸ்அப் குழுக்களில் இடத்தின் படத்தைப் போடும்போதும் இதே கவனம் வேண்டும்.

ஆராய்ச்சி அனுமதியோடு வேலை செய்தவர்கள் முடிவில் அறிக்கையின் பிரதியைத் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளில் அதற்கான காலக்கெடு இருக்கும், முதல் நாளே பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். வேலை முடியாமல் காலம் நீட்ட வேண்டியிருந்தால், அனுமதி தீருவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே இடைக்கால அறிக்கையோடு விண்ணப்பியுங்கள். தீர்ந்துபோன கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூடக் காட்டுக்குள் போகாதீர்கள்.